லேபிளின் விளிம்பில் ஒரு முகவரி

இசைத்தட்டின் நடுவில், சுழல்தண்டு நுழையும் துளையைச் சுற்றிப் பதிந்திருக்கும் வட்டத் தாளுக்கு லேபிள் என்று பெயர். வாசித்தவர் யார், வாசித்தது என்ன, வெளியிட்ட நிறுவனம் எது, வரிசை எண் என்ன என்று வாங்குபவருக்குச் சொல்வதற்காக அச்சிடப்பட்ட இந்தத் தாளுக்கு, அது வெளிவந்த காலத்தில் தீப்பெட்டிப் படத்துக்கு இருந்ததைவிடப் பெரிய மதிப்பு எதுவும் இருந்ததில்லை. ஆனால் ஒரே இசை, ஒரே வரிசை எண், ஒரே படம் அச்சிட்ட உறை ஆகியவற்றோடு வந்த இரண்டு ஜாஸ் தட்டுகளில் 1957இல் அச்சானது எது, 1966இல் அச்சானது எது என்று பிரித்தறிய வேண்டியவர்கள் இன்று முதலில் நாடுவது இந்தத் தாளில் நேர்ந்த சின்னஞ்சிறு மாற்றங்களைத்தான். பழைய ஜாஸ் தட்டுகளின் லேபிளில் பெரும்பாலும் ஆண்டு அச்சிடப்பட்டிருக்காது. ஆண்டு பொறிக்காத சோழர் கல்வெட்டின் காலத்தை மெய்க்கீர்த்தியையும் எழுத்தமைதியையும் கொண்டு கணிக்கிறவர் செய்யும் வேலைக்கும் இதற்கும் முறையில் வேறுபாடு மிகக் குறைவு. அந்த முறை எப்படி உருவானது, அதன் எல்லை எது என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவன, 1939இல் நியூயார்க்கில் தொடங்கிய ப்ளூ நோட் நிறுவனத்தின் தட்டுகளாகும்.

லேபிளை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வி ப்ளூ நோட்டுக்கு முன்பே எழுந்துவிட்டது. ஜாஸின் முதல் தட்டு என்று வரலாற்றில் இடம்பெற்றுள்ள, 1917இல் விக்டர் நிறுவனம் வெளியிட்ட ஒரிஜினல் டிக்சிலேண்ட் குழுவின் தட்டில் ஜாஸ் என்னும் சொல்லே இன்றைய எழுத்துக்கூட்டலில் இல்லை. இரண்டு இசட் எழுத்துகள் வரவேண்டிய இடத்தில் இரண்டு எஸ் எழுத்துகள் இருந்தன. இது வெறும் எழுத்து வேறுபாடு. 1920களில் மலிவு விலைத் தட்டு விற்ற நிறுவனங்கள் செய்தது வேறு வகை. அவை ஒரே பதிவைப் பல வணிகப் பெயர்களில், வாசித்தவர்களுக்குப் புனைபெயர் சூட்டி விற்றன. ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் குழு ஹார்மனி தட்டுகளில் டிக்சி ஸ்டாம்பர்ஸ் ஆகியது. ஓக்கே நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்த லூயி ஆம்ஸ்ட்ராங் 1926இல் வொக்காலியன் நிறுவனத்துக்காகத் தம் குழுவோடு வாசித்த இரண்டு பதிவுகள் லில்ஸ் ஹாட் ஷாட்ஸ் என்ற பெயரைத் தாங்கி வெளிவந்தன. லில் என்பது பியானோ வாசித்த அவருடைய மனைவி லில் ஹார்டினின் பெயர். அவற்றில் ஒன்றில் ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலே ஒலிக்க, லேபிளில் மட்டும் அவர் பெயர் இல்லை.

இத்தகைய தாள்களுக்கு எதிரான சாட்சியாக ஆய்வாளர்கள் கண்டுகொண்டது தட்டின் உடலில் பொறிக்கப்பட்ட மெட்ரிக்ஸ் எண்ணாகும். ஒவ்வொரு பதிவுக்கும் தொழிற்கூடம் தன் சொந்த வசதிக்காகக் கொடுத்த இந்த எண், இசை முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் இடையே உள்ள வெற்று வளையத்திலோ லேபிளின் அடியிலோ காணப்படும். ஒரே பாடலை அன்றைக்கு எத்தனை முறை வாசித்துப் பதிந்தார்கள், அவற்றில் எந்த முறை வாசித்தது இந்தத் தட்டில் இருக்கிறது என்பதையும் அதன் பின்னொட்டு காட்டிவிடும். வணிகர் எத்தனை பெயர் சூட்டினாலும் இந்த எண் பெரும்பாலும் மாறுவதில்லை. பாரிஸைச் சேர்ந்த சார்ல் தெலோனே 1936இல் ஹாட் டிஸ்கோகிராஃபி என்ற தட்டு விவர நூலை வெளியிட்டதிலிருந்து, ஜாஸ் ஆய்வு என்பது பாதி இசையும் பாதி எண்ணுமாக வளர்ந்தது. அதே காலத்தில் நியூயார்க்கில் கமடோர் என்ற தட்டுக்கடை நடத்திய மில்ட் கேப்ளர், மறுவெளியீடாகத் தாம் கொண்டுவந்த தட்டுகளின் லேபிளிலேயே வாசித்தவர் அனைவருடைய பெயரையும் அவரவர் வாத்தியத்தையும் அச்சிட்டார். விற்பனைச் சீட்டாக இருந்த லேபிள் ஆவணமாகத் தொடங்கியது அங்கேதான். அதற்குரிய புகழ் கேப்ளருக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

ப்ளூ நோட்டை நிறுவிய ஆல்ஃப்ரெட் லயன் பெர்லினில் பிறந்தவர். அந்நகருக்கு வந்த சாம் வூடிங்கின் அமெரிக்கக் குழுவைத் தம் பதின்ம வயதில் கேட்டு ஜாஸில் பற்றுக்கொண்டவர். 1938 டிசம்பர் 23ஆம் நாள் கார்னகி மண்டபத்தில் நடந்த, ஆன்மிகப் பாடல்களிலிருந்து ஸ்விங் இசைவரை கறுப்பின இசையின் பரப்பை மேடையேற்றிய நிகழ்ச்சியில் பூகி-வூகி பியானோ வாசித்த ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் ஆகிய இருவரையும் அவர் கேட்டார். இரண்டு வாரம் கழித்து, 1939 ஜனவரி 6ஆம் நாள், அவர்களை ஒரு பதிவுக்கூடத்துக்கு அழைத்துச் சென்று தம் முதல் தட்டுகளைப் பதிவு செய்தார். எழுத்தாளர் மாக்ஸ் மார்குலிஸ் அதற்குப் பண உதவி செய்தார். ப்ளூஸ் பாடுபவர் உரிய நிலையிலிருந்து சற்றே தாழ்த்திப் பிடிக்கும் சுரத்துக்கு ப்ளூ நோட் என்று பெயர். நிறுவனம் அந்தச் சுரத்தின் பெயரைச் சூடிக்கொண்டது. அதே ஆண்டு சிட்னி பெஷே சோப்ரானோ சாக்சஃபோனில் வாசித்த சம்மர்டைம் நிறுவனத்தின் முதல் வெற்றியாயிற்று. நாஜி ஆட்சியிலிருந்து தப்பி 1939இல் நியூயார்க் வந்துசேர்ந்த ஃபிரான்சிஸ் வுல்ஃப், லயனின் பெர்லின் கால நண்பரும் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். அவர் கூட்டாளியான பிறகு ப்ளூ நோட் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் இருவர் நடத்திய நிறுவனமாகவே இருந்தது.

இருவர் நடத்திய நிறுவனம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் லேபிள் வேறுபாடுகள் பிறந்ததற்கான காரணம் அதில்தான் இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்குச் சொந்த அச்சு ஆலைகள் இருந்தன. சொந்த ஆலை இல்லாத ப்ளூ நோட்டோ, வெளியார் ஆலையில் சிறிய எண்ணிக்கையில் தட்டு அச்சிட்டு, விற்றுத் தீர்ந்ததும் வந்த பணத்தில் மீண்டும் சிறிது அச்சிட்டது. ஒரே தட்டு பத்தாண்டுகளில் பலமுறை அச்சாகும்போது, இடையில் அலுவலகம் இடம் மாறும், நிறுவனத்தின் சட்டநிலை மாறும், ஆலையின் இயந்திர உறுப்பு தேயும். ஒவ்வொரு மாற்றமும் அடுத்து வந்த அச்சில் ஒரு வடுவை விட்டுச் சென்றது. இதற்கெல்லாம் முன்பு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தட்டு செய்யும் தொழிலே முடங்கிப்போயிருந்தது. அக்காலத் தட்டுகளின் மூலப்பொருளான அரக்கு பெரும்பாலும் இந்தியாவின் கிழக்குப் பகுதிகளிலிருந்து போனது. ஜப்பானோடு போர் மூண்டு கடல்வழி அடைபட்டதால் 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு அரக்கின் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. கிழக்கிந்தியக் காடுகளின் பூச்சி சுரக்கும் பிசினும் ஹார்லெம் பியானோவும் அந்த அளவுக்குப் பிணைந்திருந்தன.

அரக்குத் தட்டுகளின் காலம் முடிந்து, வினைலில் செய்த நீள இசைத்தட்டு, அதாவது நிமிடத்துக்கு 33 1/3 முறை சுழலும் எல்பி, 1948இல் கொலம்பியா நிறுவனத்தின் வழியாக அறிமுகமானது. ப்ளூ நோட் சில ஆண்டு தயங்கி, முதலில் 10 அங்குல எல்பிகளையும் 1950களின் நடுவிலிருந்து 12 அங்குல எல்பிகளையும் வெளியிட்டது. 1501இல் தொடங்கும் எண்வரிசையும் 4001இல் தொடங்கும் எண்வரிசையும் இந்த 12 அங்குலத் தட்டுகளுக்கு உரியவை. சேகரிப்பாளர் உலகம் ப்ளூ நோட் என்று சொல்லும்போது நினைப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

லேபிளைப் படிப்பதற்கு முன் தட்டு அச்சாகும் விதத்தை அறிவது அவசியம். காந்த நாடாவில் பதிந்த இசையை, லாக்கர் பூசிய அலுமினியத் தட்டில் கூரிய ஊசியால் சுருள்வரியாக வெட்டுவார்கள்; அந்த லாக்கரிலிருந்து மின்முலாம் முறையில் உலோகப் படிகள் எடுப்பார்கள்; அவற்றிலிருந்து எடுக்கப்படும், வரிகள் பள்ளமாக இல்லாமல் மேடாக நிற்கும் நிக்கல் அச்சுக்கு ஸ்டாம்பர் என்று பெயர். இரண்டு பக்கங்களுக்குமான இரண்டு ஸ்டாம்பர்களை ஓர் அழுத்துப்பொறியின் மேல் கீழ்த் தாடைகளில் பொருத்தி, நடுவே இளகிய வினைல் கட்டியை வைத்து, நீராவிச் சூட்டில் அழுத்தி, உடனே தண்ணீரால் குளிர்விப்பார்கள். லேபிளைப் பசை தடவி ஒட்டுவதில்லை. ஈரம் போக முன்கூட்டியே வாட்டி வைத்த லேபிள்களில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வைத்து அழுத்துவதால் அவை வினைலோடு ஒன்றிப்போகின்றன. ஆகவே ஒரு தட்டில் காலம் வெவ்வேறாக உள்ள மூன்று பொருள்கள் சந்திக்கின்றன. ஸ்டாம்பருக்குப் பின்னால் இருக்கும் லாக்கர் வெட்டப்பட்ட நாள் ஒன்று. லேபிள் அச்சகத்தில் அச்சான நாள் இன்னொன்று. இரண்டையும் சேர்த்து ஒரு தொழிலாளி பொறியை அழுத்திய நாள் மூன்றாவது. சேகரிப்பாளர் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்றாவது நாளை. லேபிள் நேரடியாகச் சொல்வது இரண்டாவது நாளை மட்டுமே. இந்த இடைவெளியை மறந்தவர்கள் செய்த பிழைகளே இத்துறையின் பிழைகளில் பாதிக்கு மேல் இருக்கும்.

ப்ளூ நோட் எல்பியின் லேபிள் நீலமும் வெள்ளையும் கலந்தது. அதன் விளிம்பையொட்டி நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வளைந்து ஓடும். பழைய அரக்குத் தட்டுகளில் ஏழாம் அவென்யூ 235 என்று இருந்த முகவரி, 12 அங்குல வரிசை தொடங்கும்போது லெக்சிங்டன் அவென்யூ 767 ஆகியிருந்தது. 1500 வரிசையின் தொடக்கத் தட்டுகளில் முதல் அச்சாக வந்தவை இந்த லெக்சிங்டன் லேபிளைத் தாங்கியவை. சேகரிப்பாளர்கள் அவற்றைச் சுருக்கமாக லெக்சிங்டன் என்றே சொல்வார்கள், அது ஒரு தெருவின் பெயர் என்பது மறந்துபோய், ஒரு மன்னனின் ஆட்சிக்காலத்தைச் சொல்வதுபோல. 1957இல் நிறுவனம் மேற்கு 63ஆம் தெரு 47ஆம் எண்ணுக்குப் பெயர்ந்தது. புதிய முகவரி இரண்டு வடிவங்களில் அச்சானது: ஒன்றில் நகரின் பெயர் என்ஒய்சி என்னும் மூன்றெழுத்துச் சுருக்கமாக இருக்கிறது, மற்றொன்றில் நியூயார்க் 23 என்று விரிவாக இருக்கிறது. இந்த 23 என்பது அஞ்சல் மண்டல எண். இரண்டாம் உலகப் போரில் அனுபவமுள்ள அஞ்சல் ஊழியர்கள் படைக்குச் சென்றுவிட, புதியவர்கள் கடிதம் பிரிப்பதற்கு எளிதாக 1943இல் பெருநகரங்களுக்கு இந்த மண்டல எண்கள் வழங்கப்பட்டன; 1963இல் ஐந்திலக்க அஞ்சல் குறியீடு வந்தபோது அதே பகுதி 10023 ஆனது.

இரண்டு வடிவங்களும் சந்திக்கும் தட்டு ஒன்று இத்துறையில் பெரும்புகழ் பெற்றிருக்கிறது. டெனர் சாக்சஃபோன் கலைஞர் ஹாங்க் மோப்லியின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 1568 என்ற எண்ணில் வந்த அந்த எல்பி, 1957 ஜூன் 23ஆம் நாள் பதிவானது. முதல் அச்சு என்று இன்று ஏற்கப்படும் பிரதிகளில் ஒரு பக்கத்து லேபிளில் நியூயார்க் 23 என்றும் மறுபக்கத்து லேபிளில் என்ஒய்சி என்றும் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே முகவரியோடு ஒழுங்காக இருக்கும் பிரதி பின்னால் வந்ததாகவும், பக்கத்துக்கொன்றாக மாறுபடும் பிரதி முந்தியதாகவும் கொள்ளப்படுவது முதல் பார்வையில் விந்தையாகத் தோன்றும். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களுக்கு இது புதிதன்று. படியெடுத்தவர் திருத்தி ஒழுங்குபடுத்திய பாடத்தைவிடக் கரடுமுரடான பாடமே பழமையானதாக இருக்கக்கூடும் என்பது அவர்கள் கைக்கொண்ட விதிகளுள் ஒன்று. அழுத்துப்பொறியின் அருகே இரண்டு அடுக்கு லேபிள்கள் இருந்தன, அவை வேறு வேறு நாளில் அச்சகத்திலிருந்து வந்தவை, இருந்ததை எடுத்து வைத்து அழுத்தினார்கள் என்பதற்கு மேல் இதில் மர்மம் எதுவும் இல்லை. அந்த ஒரு தற்செயல், பிரதி ஒன்றுக்குப் பல ஆயிரம் டாலர் விலை வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

1959 வாக்கில் இன்னும் இரண்டு சிறு மாற்றங்கள் நேர்ந்தன. நிறுவனப் பெயரின் இறுதியில் பதிவுபெற்ற கூட்டுநிறுவனம் என்பதைக் குறிக்கும் இன்க் என்ற சொல் சேர்ந்தது. பெரிய எழுத்தில் உள்ள நோட் என்ற சொல்லின் கடைசி எழுத்துக்குக் கீழே, பதிவுபெற்ற வணிகக்குறி என்பதைக் காட்டும், வட்டத்துக்குள் அடைபட்ட ஆர் எழுத்து முளைத்தது. இந்த ஆர் எழுத்து கடுகைவிடச் சற்றுப் பெரியது. ஆனால் 1958இல் வெளியானதாக எல்லா நூல்களும் சொல்லும் ஒரு தட்டின் லேபிளில் அது இருக்குமானால், அந்தப் பிரதி மறு அச்சு என்பதில் ஐயமில்லை. 1962இல் தெருவின் பெயரே லேபிளிலிருந்து நீங்கி, நியூயார்க் யுஎஸ்ஏ என்று மட்டும் அச்சிடத் தொடங்கினார்கள். இதற்கிடையில் அலுவலகம் மேற்கு 61ஆம் தெரு 43ஆம் எண்ணுக்கு மாறியிருந்தது. அந்த முகவரியை உறைகளின் பின்புறத்தில் காணலாம், எல்பி லேபிள்களில் அது ஏறவில்லை. அதாவது அலுவலகம் காலி செய்துவிட்டுப் போன பிறகும் 63ஆம் தெருவின் முகவரி, அச்சான லேபிள்கள் தீரும்வரை தட்டுகளில் சுழன்றுகொண்டே இருந்தது.

தாளின் சாட்சி இப்படித் தடுமாறும் இடங்களில் வினைலைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு தட்டை விளிம்பில் பிடித்துக்கொண்டு, மேசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், லேபிளின் மீது, துளையிலிருந்து ஏறத்தாழ 3.5 செண்டிமீட்டர் தொலைவில் ஒரு வட்டப் பள்ளம் நிழல் கட்டி எழுவதைச் சில தட்டுகளில் காணலாம். நகத்தால் வருடினால் நகம் அதில் இறங்கி நிற்கும். டீப் குரூவ் என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் இந்த ஆழ்வளையத்துக்கும் இசைக்கும் தொடர்பில்லை. அழுத்துப்பொறியில் லேபிள் இருக்கும் நடுப்பகுதியைத் தாங்கிய பழைய அச்சுக்கட்டையின் விளிம்பு பதித்த தடம் அது. 1961 வரையிலான ப்ளூ நோட் தட்டுகளில் இது இரு பக்கமும் காணப்படுகிறது. அதன்பின் புதிய அச்சுக்கட்டைகள் ஒவ்வொன்றாக வந்து சேர, ஒரு பக்கம் மட்டும் வளையம் உள்ள தட்டுகளும் வளையமே இல்லாத தட்டுகளும் வருகின்றன. 1958ஆம் ஆண்டுத் தட்டு ஒன்றில் வளையம் இல்லையென்றால் அது முதல் அச்சாக இருக்க முடியாது. வளையம் இருப்பதாலேயே முதல் அச்சு என்று முடிவு கட்டவும் முடியாது, ஏனெனில் பழைய கட்டைகள் சில தேய்ந்து தீரும்வரை உழைத்தன. இதே போல மிகத் தொடக்கக் காலத் தட்டுகளின் வெளி விளிம்பு தட்டையாக இருக்கும். பின்னாளில் வந்தவற்றில் ஊசி வழுக்கி விழாமல் தடுக்கும் மெல்லிய கரை ஒன்று விளிம்பில் உயர்ந்து நிற்கும். கண்ணால் காண்பதைவிட விரல் நுனியால் இதை விரைவாக அறியலாம்.

லேபிளுக்கும் இசைக்கும் இடையிலான வெற்று வளையத்தில் இரண்டு கையொப்பங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆர்விஜி என்ற மூன்றெழுத்து. 1953 முதல் ப்ளூ நோட்டின் பதிவுகளைச் செய்த ரூடி வான் கெல்டருடைய பெயரின் சுருக்கம் அது. தொழிலால் கண் பரிசோதகரான வான் கெல்டர், நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் தம் பெற்றோர் வீட்டின் முன்னறையில் நுண்பேசிகளை நிறுத்தி, பகலில் கண்ணாடிக்கு அளவெடுத்து, மற்ற நேரங்களில் மைல்ஸ் டேவிஸையும் ஹோரஸ் சில்வரையும் பதிவு செய்தார்; 1959இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தாம் கட்டிய உயர்ந்த கூரை கொண்ட பதிவுக்கூடத்துக்கு மாறினார். லாக்கரையும் அவரே வெட்டியதால், வெட்டி முடித்தவுடன் தம் எழுத்துகளை ஊசியால் கீறிவைத்தார். பின்னாளில் கீறுவதை விட்டு, ஆர்விஜி என்றும் வான் கெல்டர் என்றும் முத்திரை குத்தினார். கீறிய எழுத்து முந்தியது, குத்திய முத்திரை பிந்தியது. ஆனால் இதுவும் முதல் நாளுக்குரிய சாட்சிதான்: அவருடைய உலோக அச்சுகளைப் பிற்கால உரிமையாளர்கள் பயன்படுத்தி அச்சிட்ட 1970களின் தட்டுகளிலும் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது.

மற்றொரு கையொப்பமே இந்த ஆய்வின் உயிர்நாடி. நியூஜெர்சியின் நார்த் ப்ளெயின்ஃபீல்டில் இருந்த பிளாஸ்டிலைட் என்ற ஆலை ப்ளூ நோட் தட்டுகளை அச்சிட்டது. அந்த ஆலை தன் பெயரின் முதல் எழுத்தாகிய பி என்பதைச் சாய்வெழுத்தில் சுழித்து, உளுத்தம்பருப்பு அளவில் வெற்று வளையத்தில் பொறித்திருக்கிறது. தட்டைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் அது மனிதக் காதுபோல் தோன்றும்; சேகரிப்பாளர்களின் வழக்கிலும் அதற்குக் காது என்றே பெயர். இசைத்தட்டின் உடலில் ஒரு காது இருப்பதும், அதைக் கண்டுபிடிப்பவர் அடையும் மகிழ்ச்சியும், இந்தத் துறையின் வறண்ட எண்களுக்கு நடுவே நெஞ்சைத் தொடும் விஷயங்கள். ஆலை தன் கணக்குக்காக இட்ட குறிக்கு, அழுத்துப்பொறியின் முன் நின்றவர்கள் விட்டுச்சென்ற ஒரே அடையாளம் என்ற பெருமை வந்து சேர்ந்துவிட்டது. அவர்களுடைய பெயர்களை எந்த லேபிளும் அச்சிட்டதில்லை.

காதின் அருமை 1966இல்தான் விளங்குகிறது. லீ மார்கனின் தி சைட்வைண்டர், ஹோரஸ் சில்வரின் சாங் ஃபார் மை ஃபாதர் ஆகிய தட்டுகள் 1960களின் நடுவில் எதிர்பாராத அளவுக்கு விற்றன. இந்த வெற்றி சிறிய நிறுவனத்துக்கு வரமாக மட்டும் அமையவில்லை: மொத்த விற்பனையாளர்கள் இதே போன்ற தட்டுகளை மேலும் மேலும் கேட்டார்கள், அச்சுக்கூலியை உடனே கட்ட வேண்டியிருந்தது, விற்ற பணமோ தாமதமாகவே திரும்பியது. லயனும் வுல்ஃபும் நிறுவனத்தை லாஸ் ஏஞ்சல்ஸின் லிபர்ட்டி நிறுவனத்துக்கு விற்றார்கள். லயன் 1967இல் ஓய்வுபெற, வுல்ஃப் 1971இல் இறக்கும்வரை தொடர்ந்து உழைத்தார். லிபர்ட்டி வாங்கியது பதிவுகளையும் பெயரையும் மட்டுமல்ல, அச்சகத்திலிருந்து வந்து அடுக்கி வைத்திருந்த லேபிள்களையும் உறைகளையும் சேர்த்துத்தான். தட்டு அச்சிடும் வேலையை அது பிளாஸ்டிலைட்டிடமிருந்து எடுத்துத் தன் வசமிருந்த ஆலைகளுக்குக் கொடுத்தது. அந்த ஆலைகள், நியூயார்க் யுஎஸ்ஏ என்று அச்சிட்ட பழைய லேபிள்களைத் தீரும்வரை பயன்படுத்தின. அதன் பிறகே, லிபர்ட்டியின் ஒரு பிரிவு என்று விளிம்பில் அச்சிட்ட புதிய லேபிள் பரவலாகியது. ஆகையால் லேபிளை மட்டும் பார்ப்பவருக்கு 1964ஆம் ஆண்டுத் தட்டும் 1967ஆம் ஆண்டுத் தட்டும் ஒன்றுபோலவே தோன்றும். காது இருந்தால் பழைய ஆலை, காது இல்லையென்றால் புதிய ஆலை என்பதைத் தவிர அங்கே வேறு உறுதியான அளவுகோல் கிடையாது.

இந்த அளவுகோலையும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த இயலாது. லயன் பதிவு செய்து, உறையும் லேபிளும் தயாராகி, தட்டு அச்சாகும் முன் நிறுவனம் கைமாறிய சில எல்பிகள் உண்டு. அவற்றுக்குக் காதுள்ள பிரதியே கிடையாது. காதில்லாத பிரதிதான் அங்கே முதல் அச்சு. எல்லாத் தட்டுக்கும் ஒரே விதியை நீட்டி, காதில்லாதவற்றை எல்லாம் மறு அச்சு என்று ஒதுக்கும் விற்பனைக் குறிப்புகள் இன்றும் வருகின்றன. உறையும் உள்ளுறையும் இன்னும் குறைவான நம்பிக்கைக்கு உரியவை, ஏனெனில் கடையிலும் வீட்டிலும் தட்டுகள் உறை மாறுவது எளிது. நியூயார்க்கில் பழைய ஜாஸ் தட்டுக் கடை நடத்திய ஃபிரடெரிக் கோஹன், முதல் அச்சுகளை இனங்காண்பதற்காக 2010இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில், ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த லேபிள், எந்த விளிம்பு, எந்தப் பொறிப்பு, எந்த உறை முகவரி என்று பிரித்துப் பிரித்து எழுதினார். எண்வாரியாக எழுத வேண்டியிருந்தது என்பதே பொதுவிதி ஒன்றும் போதாது என்பதற்குச் சான்று. தாளும் வினைலும் உறையும் ஒன்றையொன்று ஒத்துப்பேசும்போதுதான் அச்சான காலத்தை உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஒன்று முரண்பட்டால், எது எதற்கு முன் தயாரானது என்ற கேள்வியை மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமும் பணத்துக்காகவே என்று ஒதுக்கிவிடுவது சரியாகாது. முதல் அச்சு என்பது வான் கெல்டர் தம் காதால் கேட்டுத் தம் கையால் வெட்டிய வடிவம், புதிய ஸ்டாம்பரிலிருந்து எடுத்தது. பதிவு நடந்த அறையில் இருந்தவர்கள் சரி என்று ஒப்புக்கொண்ட ஒலி அதில் இருக்கிறது. சன்னி கிளார்க் என்ற பியானோ கலைஞர் 1958 ஜனவரியில் பதிவு செய்த கூல் ஸ்ட்ரட்டின் அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்படவில்லை; அவர் 1963இல், 31 வயதில் இறந்துபோனார். பிற்பாடு ஜப்பானிய ரசிகர்கள் அந்தத் தட்டைக் கொண்டாடத் தொடங்கி, மேற்கு 63ஆம் தெரு லேபிளும் ஆழ்வளையமும் காதும் கொண்ட பிரதிகளை நியூயார்க் கடைகளில் தேடித்தேடி வாங்கினார்கள். உள்ளூர்ச் சந்தை மறந்த கலைஞர் ஒருவருடைய தட்டுகள் குப்பைக்குப் போகாமல் எஞ்சியதற்கு அந்தத் தேடல் பெருங்காரணம்.

லிபர்ட்டிக்குப் பின் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், அதற்குப் பின் 1979இல் இஎம்ஐ என்று ப்ளூ நோட் கைமாறிக்கொண்டே போயிற்று. நீல வெள்ளை லேபிளுக்குப் பதிலாக வேறு வடிவங்கள் வந்தன, சில ஆண்டுகள் பெயரே உறங்கிக் கிடந்தது, 1985இல் புரூஸ் லண்ட்வாலின் தலைமையில் மீண்டும் விழித்தது. அண்மைப் பத்தாண்டுகளில் பழைய எல்பிகளை மூல ஒலிநாடாவிலிருந்து கவனத்தோடு மறுவெளியீடு செய்யும் நிறுவனங்கள், பழைய லேபிளையும் அதன் விளிம்பில் இருந்த மேற்கு 63ஆம் தெரு முகவரியையும் அச்சுப் பிசகாமல் நகலெடுத்து அச்சிடுகின்றன. அவற்றுள் ஒன்று அச்சுக்கட்டையைப் புதிதாகச் செய்வித்து, ஆழ்வளையத்தையும் தட்டில் பதித்தது. பிளாஸ்டிலைட்டின் காது மட்டும் அந்தத் தட்டுகளின் வெற்று வளையத்தில் இல்லை.